தாவர எண்ணெயில் ஓடும் டீசல் வண்டி: ஃபில்டர் அடைப்பா, ஏர் எடுக்கிறதா?

அமெரிக்காவில் சமையல் எண்ணெய்க்கு மாற்றப்படும் வண்டிகளில் பழைய மெர்சிடிஸ் 300டி ரொம்பப் பிரபலம். அதன் ஓஎம்617 எஞ்சினில் எரிபொருளைப் பீய்ச்சும் பாஷ் இன்லைன் பம்ப் இருக்கிறது. பம்ப்பின் கேம்ஷாஃப்டுக்கு எஞ்சின் ஆயிலே மசகு என்பதால் கெட்டி எண்ணெயையும் அது தாங்கிக்கொள்ளும். வழக்கமான அமைப்பு இரண்டு டேங்க். டீசலில் ஸ்டார்ட் செய்து, கூலன்ட் 70–80 டிகிரி வந்ததும் எண்ணெய்க்கு மாற்றி, நிறுத்துவதற்கு முன் மறுபடி டீசலுக்கு வர வேண்டும்.

இதில் வரும் புகார்கள் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். மேட்டில் இழுவை இல்லை, ஐட்லிங்கில் திணறுகிறது, காலையில் வெகுநேரம் செல்ஃப் அடிக்க வேண்டியிருக்கிறது. ஃபில்டரை மாற்றினால் சரியாகி, கொஞ்ச நாளில் திரும்ப வந்துவிடும். அடைப்பையும் காற்றையும் தனித்தனிக் கோளாறாகப் பார்ப்பதால்தான் இந்த அலைச்சல். டேங்கிலிருந்து எண்ணெயைக் கொண்டுவரும் ஃபீட் பம்ப் அதை ஃபில்டர் வழியாக உறிஞ்சித்தான் எடுக்கிறது. ஃபில்டர் அடைய அடைய உறிஞ்சும் விசை கூடும். அதுவரை தொல்லை தராத தளர்ந்த ஜாயின்ட் வழியாகக் காற்று புகும். விரிசல் விட்ட ஸ்ட்ராவில் இளநீர் குடிப்பது போலத்தான்: வெளியே ஒரு சொட்டும் ஒழுகாது. ஒழுகலைத் தேடிக் காற்றுக் கசிவைக் கண்டுபிடிக்க நினைப்பவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். கனோலா எண்ணெயின் கெட்டித்தன்மை 40 டிகிரியில் சுமார் 35 சென்டிஸ்டோக்ஸ். டீசல் 2 முதல் 4.5 வரைதான். எண்ணெய் சூடாகாமல் ஃபில்டருக்கு வந்தால் புது ஃபில்டரே அடைத்தது போல நடந்துகொள்ளும்.

எண்ணெயைத் தயார் செய்வது

வறுத்து மீந்த எண்ணெயை டிரம்மில் குறைந்தது இரண்டு வாரம் அசையாமல் தெளியவிடுங்கள். குழாயை அடியிலிருந்து 10–15 சென்டிமீட்டர் மேலே வைத்து, தெளிந்ததை மட்டும் எடுங்கள். 400, 100, 25, 5, கடைசியில் 1 மைக்ரான் என்று பை ஃபில்டர்களில் இறக்கினால் போதும். சூடாக்கி வடித்தால் சீக்கிரம் இறங்கும்தான், ஆனால் கொழுப்பும் உருகிக் கூடவே இறங்கிவிடும். பிறகு குளிரில் வண்டியின் லைனிலேயே கட்டிக்கொள்ளும். அதனால் கடைசி வடிப்பை அறை வெப்பத்திலோ அதற்கும் கீழேயோ செய்யுங்கள். பாமாயில் கலந்த எண்ணெயைக் குளிர்நாட்டில் எடுக்கவே வேண்டாம்.

தண்ணீர்தான் பம்ப்புக்கு முதல் எதிரி. வாணலியை நன்றாகச் சூடாக்கி ஒரு ஸ்பூன் எண்ணெய் விடுங்கள். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு செய்யுங்கள். சடசடத்தாலோ பொடிக்குமிழிகள் கிளம்பினாலோ ஈரம் இருக்கிறது. 60 டிகிரிக்குச் சூடாக்கி, ஒரு நாள் முழுக்கத் தெளியவிட்டு, அடியில் இறங்கியதை வடித்துவிட்டு மறுபடி சோதியுங்கள்.

வண்டியில் கண்டுபிடிப்பது

இரண்டு பொருள் வேண்டும்: ஃபில்டருக்கும் ஃபீட் பம்ப்புக்கும் நடுவே உறிஞ்சும் விசையைக் காட்டும் ஒரு வேக்யூம் கேஜ், பம்ப்புக்குச் சற்று முன்னால் ஒரு சாண் நீளத்துக்குத் தெளிவான ஹோஸ். அந்த ஹோஸ் சோதனைக்கு மட்டும்தான்; சூட்டு எண்ணெயில் நாளடைவில் விறைத்து அதுவே காற்றை உள்ளே விடும்.

கேஜ் ஏறி, குமிழியும் வந்தால் முதலில் ஃபில்டரையும் எண்ணெயின் சூட்டையும் பாருங்கள். புது ஃபில்டர் போட்ட அன்றைக்கு, எண்ணெய் சூடாக இருக்கும்போது கேஜ் காட்டுவதைக் குறித்துவைப்பது நல்லது. கேஜ் 7–10 அங்குலப் பாதரசம் காட்டினால் ஃபில்டரை மாற்றும் நேரம். டேங்க் மூடியைத் திறந்ததும் உஸ் என்று காற்று உள்ளே இழுத்தால் ஃபில்டர் மேல் குற்றமில்லை, டேங்குக்குள் காற்று விடும் வென்ட் அடைத்திருக்கிறது. கேஜ் ஏறாமலே குமிழி ஓடினால் ஜாயின்ட்தான்.

ஜாயின்டைக் கண்டுபிடிக்கக் கேனில் டீசல் எடுத்து, புது ஹோஸால் நேராக ஃபீட் பம்ப்புக்குக் கொடுங்கள். திணறல் நிற்காவிட்டால் கோளாறு பம்ப் பக்கம். கையால் அடித்து எரிபொருளை ஏற்றும் பழைய பாஷ் கை பிரைமர் இதில் பேர்போனது, புது மாடல் போட்டுவிடுங்கள். நின்றால் கேனை ஒவ்வொரு ஜாயின்டாக டேங்க் நோக்கி நகர்த்துங்கள்: ஃபில்டருக்கு முன், டீசலுக்கும் எண்ணெய்க்கும் மாற்றும் வால்வுக்கு முன், பிறகு டேங்குக்குள் எண்ணெயை எடுக்கும் பிக்கப் குழாய். குமிழி எந்த இடத்தில் திரும்புகிறதோ, கடைசியாகச் சேர்த்த துண்டில்தான் கசிவு. அந்தத் துண்டின் ஒரு முனையை அடைத்து 3–5 பிஎஸ்ஐ காற்று கொடுத்து சோப்புத் தண்ணீர் தடவினால் இடமே தெரிந்துவிடும். அதற்கு மேல் அழுத்தம் வேண்டாம்.

மாட்டும் பொருட்களில் கஞ்சம் பிடிக்காதீர்கள். சாதா ரப்பர் ஹோஸ் சூட்டு எண்ணெயில் ஊறி இளகும், வைட்டான் ரப்பர் நிற்கும். சின்ன ஹோஸுக்குப் பல் வெட்டிய சாதா கிளிப் வட்டமாகப் பிடிக்காது. ஃபியூயல் இன்ஜெக்ஷன் கிளிப் போட்டு, சில முறை சூடாகி ஆறிய பிறகு, ஆறிய நிலையிலேயே ஒருமுறை முறுக்குங்கள். செம்புக் குழாய் கூடவே கூடாது. எண்ணெய் பிசினாவதைச் செம்பு வேகப்படுத்தும். அலுமினியம் அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போடுங்கள். மரைகளில் டெஃப்லான் டேப் சுற்றினால் அதன் இழை பம்ப்புக்குள் போகும். எரிபொருளுக்கான சீலன்ட் பேஸ்ட் போதும். எரிபொருள் உள்ளே ஓடும் துளையுள்ள பேஞ்சோ போல்டின் வாஷரைக் கழற்றும்போதெல்லாம் மாற்றிவிடுங்கள்.

திருகு ஃபில்டர் மாட்டும்போது பழைய ரப்பர் வளையம் மேலே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். இரண்டு வளையம் சேர்ந்தால் காற்று நிச்சயம். ஃபில்டரைச் சுத்தமான டீசலால் நிரப்பும்போது சுற்றியுள்ள ஓட்டைகளில் ஊற்றுங்கள். நடு ஓட்டை வடிகட்டிய பக்கம். அங்கே ஊற்றினால் தூசு நேராகப் பம்ப்புக்குப் போகும்.

எரியாமல் திரும்பி வரும் ரிட்டர்ன் எண்ணெயை டேங்குக்கு அனுப்பாமல் ஃபில்டர் முனையிலேயே சுற்றவிட்டிருந்தால், ஒருமுறை புகுந்த காற்று வெளியேற வழியில்லாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். எல்லாம் சரிசெய்த பிறகும் ஐட்லிங் ஆடினால் இதைப் பாருங்கள். ரிட்டர்னைத் தற்காலிகமாகக் கேனுக்குத் திருப்பி, குமிழியில்லாமல் விழும்வரை பிரைமரை அடித்து, பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள். டேங்குக்கே நிரந்தரமாகத் திருப்புவதானால் ரிட்டர்ன் முனை எண்ணெய் மட்டத்துக்குக் கீழேயும், பிக்கப் குழாயிலிருந்து எட்டியும் இருக்கட்டும். மேலிருந்து கொட்டும் நுரையைப் பிக்கப் இழுத்தால் மறுபடி தேடல்தான்.