ஊர்க் கதையைப் படமாக எடுப்பது எப்படி?

பொங்கலுக்குச் சென்னையிலிருந்து ஊருக்குக் கிளம்பும்போது கேமராவை மட்டும் தூக்கிக்கொண்டு போனால் வயல், மாடு, சூரியன் மறைவது என்றுதான் படங்கள் சேரும். போனதும் முதலில் பாட்டியிடம் உட்காருங்கள். முனி யாரை எங்கே வழிமறித்தது, எந்தப் புளியமரத்தடியில் உச்சி வேளையில் போகக்கூடாது, அய்யனார் ராத்திரி குதிரையேறி எந்த எல்லை வரை போவார், எல்லாவற்றையும் சொல்லவிட்டு போனில் பதிவு செய்யுங்கள். குறுக்கே பேச வேண்டாம், இடத்தின் பெயர் வந்தால் மட்டும் எங்கே என்று கேளுங்கள். படம் அங்கேதான் எடுக்கணும்.

ஊர் ரொம்ப தூரம் என்றால் மதுராந்தகத்தில் பழகலாம். 1790-களில் மழையில் ஏரி உடைய இருந்ததாம், இரவில் கரைக்குப் போன கலெக்டர் லயோனல் பிளேஸ், வில்லோடு இரண்டு பேர் காவல் நிற்பதைக் கண்டாராம். அது ராமரும் லட்சுமணரும்தான் என்பார்கள், அங்குள்ள ராமருக்கு ஏரி காத்த ராமர் என்றே பெயர்.

இதை அப்பாவையும் சித்தப்பாவையும் வைத்து எடுக்கலாம். சூரியன் மறைந்து 20 நிமிடம் போல ஆனதும் கேமராவை ட்ரைபாடில் வைத்து ஐஎஸ்ஓ (ஒளியை உணரும் அளவு) 100, எஃப் (லென்ஸ் திறப்பு) 8, ஷட்டர் (ஒளி உள்ளே வரும் நேரம்) 8 விநாடி என்று தொடங்கி, வெளிச்சத்தைப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள். போனில் என்றால், ஷட்டர் நேரத்தை நாமே மாற்றிக்கொள்ளும் ப்ரோ மோட். இருவரும் 4 விநாடி அசையாமல் நின்றுவிட்டு சட்டென்று ஃபிரேமை விட்டு விலகிவிட வேண்டும். மீதி நேரத்தில் பின்னால் இருக்கும் மரமும் பதிவாகிவிடுவதால், உடம்புக்குள்ளே மரம் தெரிகிற மாதிரி வரும். வெள்ளை வேட்டி, பின்னால் இருட்டான பனையோ புதரோ, இது ரெண்டும் கட்டாயம். பின்னால் வானம் இருந்தால் ஆள் கரைந்து காணாமல் போவார். கிரீடம், அட்டை வில் எல்லாம் தயவுசெய்து வேண்டாம், சித்தப்பா தினமும் வயலுக்கு எடுத்துப்போகும் மண்வெட்டியே போதும், அவர் நிஜமாகவே காவல் காக்கிற நிலம்தானே அது!

அய்யனார் கோயில் மண்குதிரைகளுக்கு ஃப்ளாஷ் அடித்தால் எல்லாம் தட்டையாகிவிடும். அதே நீண்ட ஷட்டரில், ஒருவர் டார்ச்சைப் பக்கவாட்டிலிருந்து மெதுவாக ஓட்டினால் கண்ணும் பல்லும் எழுந்து வரும்.

குலதெய்வக் கோயிலில் பூசாரியிடமும் பெரியவர்களிடமும் கேட்காமல் கேமராவை எடுக்காதீர்கள், கருவறைப் பக்கம் திருப்பவே வேண்டாம். எடுத்ததை அன்றைக்கே பாட்டியிடம் காட்டுங்கள். "முனி அங்கே நிற்காதுடா, மதகுகிட்டதான் நிக்கும்" என்று சொன்னால், அடுத்த நாள் சாயங்காலம் மதகுப் பக்கம் போய் மறுபடி எடுங்கள்.