பழைய லாரிக்கு விலை சொல்லும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வண்டியைக் கண்ணும் கருத்துமாக வைத்திருந்தவர்தான் அதை விற்கும்போது அதிகம் தடுமாறுகிறார். கையைவிட்டுப் போன செலவையெல்லாம் கூட்டி ஒரு விலை சொல்வார். யாரும் கிட்டே வரமாட்டார்கள், லாரி மாதக்கணக்கில் ஷெட்டில் நிற்கும். அப்புறம் அலுத்துப்போய், புரோக்கர் சொன்ன தொகைக்கே சாவியைக் கொடுத்துவிடுவார். இரண்டு இடத்திலும் நடந்தது ஒன்றுதான்: வாங்குகிறவர் என்ன கணக்குப் போடுவார் என்று அவர் யோசிக்கவில்லை.

அந்தக் கணக்கு ரொம்பச் சின்னது. இந்த வண்டியை இன்னும் எத்தனை வருடம், எந்த லைனில் ஓட்டலாம்? கைக்கு வந்ததும் எவ்வளவு செலவு இழுக்கும்? ஃபைனான்ஸ் கிடைக்குமா? விலை இந்த மூன்றுக்குள்தான் இருக்கிறது.

‘இன்ஜின் இறக்கி வேலை பார்த்தேன், கேபின் புதுசாகக் கட்டினேன், கியர்பாக்ஸ் மாற்றினேன்’ என்று ஒவ்வொன்றையும் விலைமேல் ஏற்றுவது முதல் தவறு. அந்தச் செலவை அந்த வண்டியே லோடு அடித்து உங்களுக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டது. நல்ல பராமரிப்புக்கு மதிப்பு இல்லை என்று சொல்லவில்லை. அதே மாடல் வண்டிகள் போகிற விலையில் மேல்விளிம்பைத் துணிந்து கேட்க அது இடம் கொடுக்கும், பேரமும் சீக்கிரம் படியும். அதற்கும் பில் வேண்டும். தேதியும் கிலோமீட்டரும் போட்ட ஒர்க்ஷாப் பில்களை ஒரு ஃபைலில் வைத்து நீட்டினால், வாய்ப்பேச்சில் ஏறாத விலை ஏறும். இன்ஜின் வேலை முடித்த கையோடு விற்க நிறுத்தினால் மட்டும் கவனம். ‘இவ்வளவு செலவு பண்ணிவிட்டு ஏன் விற்கிறார்?’ என்ற கேள்விதான் முதலில் வரும்.

விளம்பரத்தில் போட்டிருக்கும் விலையைப் பார்த்து உங்கள் விலையை வைப்பதும் தவறு. அது விற்கிறவர் ஆசைப்படும் விலை, வண்டி போன விலை அல்ல. நாமக்கல், சங்ககிரி பக்கம் லாரி கைமாறிக்கொண்டே இருக்கும். உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக், பாடி கட்டுகிறவர், டயர்க் கடைக்காரர் என்று நாலு பேரிடம் கேளுங்கள். அதே கம்பெனி, அதே சக்கர எண்ணிக்கை, ஒரு வருடம் முன்பின் உள்ள வண்டி, கடந்த இரண்டு மூன்று மாதத்தில் எவ்வளவுக்கு முடிந்தது? அந்த எண்ணிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

பெரும்பாலானவர்கள் கோட்டை விடுவது வயதுக் கணக்கில். வெளிமாநிலங்களுக்கு ஓட்ட உதவும் நேஷனல் பெர்மிட்டுக்கு வயது வரம்பு, இரண்டு அச்சு (ஆறு சக்கர) வண்டி என்றால் 12 வருடம், அதற்கு மேல் அச்சுகள் உள்ள வண்டி (பத்துச் சக்கரம் போல) என்றால் 15 வருடம் என்பது விதி. 2015-இல் பதிவான ஆறு சக்கர வண்டி 2027-இல் வெளிமாநில லைனை விட்டு விலகிவிடும். அதே வருடத்துப் பத்துச் சக்கர வண்டிக்கு 2030 வரை நேரம் இருக்கிறது. ஆகவே 11 வருட ஆறு சக்கர வண்டி பளபளவென்று இருந்தாலும், அதை வாங்கப்போவது செங்கல், ஜல்லி, அரிசி மூட்டை என்று உள்ளூர் லோடு ஏற்றுகிறவர்தான். அவர் வருமானத்துக்கு ஏற்ற விலையைத்தான் அவரிடம் கேட்க முடியும். பெர்மிட் தீர நாலைந்து வருடம் இருக்கும்போதே விற்பவருக்குக் கிடைக்கும் விலை, கடைசி வருடத்தில் விற்பவருக்குக் கிடைக்காது. வயது கூடக்கூட ஃபைனான்ஸ் கொடுப்பவர்களும் கையைச் சுருக்குவார்கள். முழுப் பணமும் ரொக்கமாக வைத்திருப்பவர் மட்டும்தான் வருவார் என்றால், விலை அவர் சொல்வதுதான்.

மாடல் வருடத்தை மட்டும் சொல்லி நிறுத்திவிடாதீர்கள். புகை அளவுக்கான பிஎஸ் (பாரத் ஸ்டேஜ்) விதிகளில், நாடு முழுவதும் பிஎஸ்-4 கட்டாயமானது 2017 ஏப்ரல் 1-இல், பிஎஸ்-6 வந்தது 2020 ஏப்ரல் 1-இல். 2017 மாடல் என்றால் பிஎஸ்-3 ஆகவும் இருக்கலாம், பிஎஸ்-4 ஆகவும் இருக்கலாம். டெல்லிப் பக்கம் ஓட்டுகிறவருக்கு இந்த வித்தியாசம் பெரியது. உள்ளூரில் ஓட்டுகிறவர், பக்கத்து ஒர்க்ஷாப்பிலேயே வேலை முடிகிறது என்று பிஎஸ்-3 வண்டியைத் தேடி வருவதும் உண்டு. எடையும் அப்படித்தான். இரண்டு அச்சு வண்டிக்கு, லோடோடு சேர்த்து அனுமதித்த மொத்த எடை முன்பு 16.2 டன். 2018 ஜூலையில் அச்சு எடையை உயர்த்தியபின் 18.5 டன் ஆனது. உங்கள் ஆர்சியில் (பதிவுச் சான்றில்) எந்த எண் இருக்கிறதோ, அதற்குத்தான் விலை.

எஃப்சி, அதாவது வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று, அந்த விஷயத்துக்கு வருவோம். எட்டு வருடம் தாண்டிய வண்டிக்கு வருடா வருடம் எஃப்சி காட்ட வேண்டும். தீர இருபது நாள் இருக்கும்போது விற்க வந்தால், பெயின்ட், பிரேக், லைட், கட்டணம் என்று அத்தனையையும் வாங்குகிறவர் இரண்டு மடங்காகக் கணக்குப் போட்டு விலையில் கழிப்பார். வண்டி உண்மையிலேயே நன்றாக இருந்தால் எஃப்சி முடித்துவிட்டு விற்பதுதான் லாபம். ஆனால் சேஸ்மேல் (வண்டியின் அடிச்சட்டத்தின்மேல்) பெயின்ட்டை அப்பிவிடாதீர்கள். விவரம் தெரிந்தவர் குனிந்து முதலில் பார்ப்பது அங்கேதான். ரிவிட் இருக்க வேண்டிய இடத்தில் போல்ட் இருக்கிறதா, வெல்டிங் ஓடியிருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார். புதுப் பெயின்ட்டைப் பார்த்தால் இல்லாத விரிசலும் அவர் மனதில் வந்துவிடும்.

டயரைத் தனியாகவே கணக்கில் எடுங்கள். பெரிய லாரிக்கு ஒரு புது டயர் இருபதாயிரத்தைத் தாண்டுகிறது. பத்துச் சக்கர வண்டி என்றால் பத்து டயர், ஒரு ஸ்டெப்னி. பட்டன் (தரையில் படும் ரப்பர்) நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொல்லாதீர்கள். ரீட்ரேட் செய்தது (தேய்ந்தபின் புது ரப்பர் ஒட்டியது) எத்தனை, ஒரிஜினல் பட்டன் எத்தனை என்று பிரித்துச் சொல்லுங்கள். பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும். 3221 என்றால் 2021-ஆம் வருடம் 32-ஆவது வாரத்தில் செய்த டயர். நீங்கள் சொல்லாவிட்டாலும் வாங்க வருகிறவர் அதைப் படித்துவிடுவார்.

ஒரு பேச்சுக்குப் பார்ப்போம். உங்களுடையதைப் போன்ற வண்டிகள் 12 லட்சத்துக்கு முடிகின்றன. உங்கள் வண்டியில் நாலு டயர் உடனே மாற்ற வேண்டும் என்றால் 90 ஆயிரம் கழியும். எஃப்சி புதிது, பில்கள் இருக்கின்றன, ஒரே ஓனர் என்றால் 40 ஆயிரம் ஏறலாம். 11.5 லட்சம் உங்கள் நியாயமான விலை. கேட்கும் விலை 12 லட்சத்துக்குள் இருக்கட்டும். 15 லட்சம் என்று ஆரம்பித்தால், 11.5 கொடுக்கத் தயாராக இருப்பவர் போனே செய்யமாட்டார்.

இன்சூரன்ஸ் பாலிசியில் வண்டியின் மதிப்பாகப் போட்டிருக்கும் ஐடிவி தொகையைக் காட்டிப் பேரம் பேசுகிறார்கள். ஐந்து வருடம் தாண்டிய வண்டிக்கு அது கம்பெனியும் நீங்களும் பேசி வைத்துக்கொண்ட தொகை, சந்தை விலை அல்ல. கிளெய்ம் கேட்காததற்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடியான நோ கிளெய்ம் போனஸும் உங்களோடு போய்விடும், வண்டியோடு போகாது. ஆர்சியில் ஃபைனான்ஸ் கம்பெனி பெயர் நீங்கியிருக்கிறதா, வரி பாக்கி, ஆன்லைன் அபராதம் ஏதாவது நிற்கிறதா என்பதை விலை சொல்லும் முன்பே சரிபார்த்துவிடுங்கள். பேரத்தின் நடுவில் எட்டிப் பார்க்கும் ஒரு அபராதம், அதன் தொகையைவிட அதிகமாக விலையைக் குறைத்துவிடும்.

விலை சொல்லிய பிறகு வாரம் பத்தாயிரம் என்று இறக்கிக்கொண்டே போகாதீர்கள். அதைக் கவனிக்கிற புரோக்கர் இன்னும் இறங்கும் என்று காத்திருப்பார். இரண்டு வாரம் யாரும் வந்து பார்க்கவில்லை என்றால் விலை கூடுதல் என்று பொருள், ஒரே தடவையாக இறக்குங்கள். மூன்று பேர் தனித்தனியாக வந்து ஏறக்குறைய ஒரே தொகையைச் சொன்னால், அதில் அட்வான்ஸை வாங்கிக்கொண்டு பெயர் மாற்றத்துக்கான வேலையைப் பாருங்கள்.