டர்ன் டவுன்: குறைப்பதா, மறுப்பதா?

ஆங்கிலத்தில் 'டர்ன் டவுன்' வந்தால், எதை என்று பாருங்கள், பொருள் விளங்கிவிடும். ஒலி, வெப்பம், அடுப்பு என்றால் குறைப்பது. வேலை வாய்ப்பு, அழைப்பு, கடன் விண்ணப்பம் என்றால் மறுப்பது. அழைப்பைக் குறைக்க முடியாது, அடுப்பை மறுக்க முடியாது என்பதால் குழப்பம் வராது. ஆளைச் சொன்னாலும் மறுப்புதான்: 'தி பேங்க் டர்ன்ட் ஹிம் டவுன்' என்றால் வங்கி அவருக்குக் கையை விரித்துவிட்டது. ஹிம், இட் போன்றவை நடுவில்தான் வர வேண்டும். 'டர்ன் டவுன் இட்' பிழை, நம்மவர்கள் அடிக்கடி சறுக்கும் இடம்.

சட்டைக் காலர், படுக்கை விரிப்பு என்றால் மட்டும் இந்த வழி செல்லாது. அங்கே மடித்துவிடுவது என்று பொருள். 'எதை' என்ற கேள்விக்கே இடமில்லாமல், பொருளாதாரம் 'டர்ன்ட் டவுன்' என்று வந்தால் அது சரிவு.