எலிஃபண்ட் பீச்சுக்கு நடந்து போகிறீர்களா? முதலில் ஓதம் (கடல்நீர் ஏற்ற இறக்கம்) பாருங்கள்

அந்தமானின் ஹேவ்லாக் தீவில் ராதாநகர் சாலையிலிருந்து காட்டு வழியாக எலிஃபண்ட் பீச் சுமார் 2 கி.மீ., முக்கால் மணி நடை. கிளம்பும்முன் வழிகாட்டியிடம் ஓதம் எத்தனை மணிக்கு ஏறும் என்று கேளுங்கள். பாதையின் கடைசிப் பகுதி அலையாத்திச் சதுப்பு; நீர் ஏறினால் சேற்றில் சாதாரண ரப்பர் செருப்பு சிக்கிக்கொள்ளும். பின்பட்டை வைத்த சாண்டல்தான் சரி.

அங்கே ஸ்நார்கெலிங்கில், அதாவது மூச்சுக்குழாயோடு நீர்மேல் மிதந்து பவளம் பார்ப்பதில், பாதி நாளைக் கெடுப்பது முகத்தில் மாட்டும் மாஸ்க். பட்டையை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் மூச்சை இழுங்கள். கையை எடுத்தும் ஒட்டி நின்றால் அளவு சரி. நீர் கசிந்தால் எல்லோரும் பட்டையை இறுக்குவார்கள். அப்போது விளிம்பு மடங்கி இன்னும் கசியும். விளிம்புக்கடியில் முடி சிக்கியிருக்கிறதா பாருங்கள். மீசைக்காரர்கள் மூக்குக்குக் கீழே ஒரு கோடு மழித்தாலே போதும். கண்ணாடி பனிக்காமலிருக்க உட்புறம் ஒரு துளி பேபி ஷாம்பு தேய்த்து லேசாக அலசுங்கள்.

களைத்தால் மல்லாந்து மிதந்திருங்கள்; பவளத்தின் மேல் தயவுசெய்து காலூன்றாதீர்கள், அது உயிர். வெயிலில் முதுகு வெந்துவிடும், முழுக்கைச் சட்டையோடு இறங்குங்கள்.

டிசம்பரில் 5 மணி வாக்கிலேயே இருட்டத் தொடங்கும். 3 மணிக்குத் திரும்பி நடந்துவிடுங்கள்.