8 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து: புதிதாகச் சொல்லிக்கொடுக்க வருபவர்களுக்கு

பள்ளி மைதானத்தில் ஒரு ரிங் இருக்கிறது. சாயங்காலம் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் வருகிறார்கள். "நீங்கதான் நல்லா விளையாடுவீங்களே, இவங்களுக்குச் சொல்லிக்கொடுங்க" என்று பொறுப்பு உங்கள் தலையில் வந்து விழுந்திருக்கிறது. கோச்சிங் படிப்பு எதுவும் படிக்கவில்லை. இந்தப் பதிவு உங்களுக்காகத்தான். வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு ஒரு மணி நேரம் கிடைக்கும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

ஒழுக்கத்தையும் நல்ல குணத்தையும் தனிப் பாடமாக எடுக்க முடியாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பயிற்சி முடிந்ததும் வட்டமாக உட்காரவைத்துப் பத்து நிமிடம் அறிவுரை சொன்னால், பிள்ளைகளின் கண்ணெல்லாம் தண்ணீர் பாட்டில் மேல்தான் இருக்கும். எப்படி நிற்பது, எப்படிப் பந்தைப் பிடிப்பது, எப்படிப் பாஸ் கொடுப்பது என்று நீங்கள் சொல்லித்தரும் ஒவ்வொரு அடிப்படையோடும் அது சேர்ந்தே வர வேண்டும். கீழே உள்ள படிகளை அந்த எண்ணத்தோடு படியுங்கள்.

படி 1: பந்தையும் ரிங்கையும் பிள்ளையின் அளவுக்குக் கொண்டுவாருங்கள்

ஆண்கள் ஆடும் 7ஆம் எண் பந்து சுமார் 600 கிராம் எடை. ரிங்கின் உயரம் 3.05 மீட்டர். ஒன்பது வயதுப் பிள்ளை அந்தப் பந்தை அந்த ரிங்குக்கு எறிவதைக் கொஞ்சம் பக்கத்தில் நின்று கவனியுங்கள். பந்து இடுப்பு வரை இறங்கும், முதுகு பின்னால் வளையும், முழங்கை வெளியே விரியும், கடைசியில் இரண்டு கையாலும் சேர்த்துத் தூக்கிப் போடும். எப்படியாவது பந்து மேலே போக வேண்டும் என்று உடம்பு தானாகக் கண்டுபிடிக்கும் வழி அது. ஒரு வருஷம் அப்படியே பழகிவிட்டால் பிறகு மாற்றுவது பெரும்பாடு.

அதனால்தான் சர்வதேசக் கூட்டமைப்பான ஃபிபா, சிறுவர்களின் மினி பாஸ்கெட்பாலுக்கு 2.60 மீட்டர் ரிங்கையும் 5ஆம் எண் பந்தையும் வைத்திருக்கிறது. அந்தப் பந்து 500 கிராமுக்கும் குறைவு. நம் பள்ளி மைதானங்களில் இருப்பவை பெரும்பாலும் இரும்புக் கம்பத்தில் நிரந்தரமாகப் பொருத்திய போர்டுகள். உயரத்தைக் குறைக்க வழி இருக்காது. பரவாயில்லை, பக்கத்துச் சுவரில் 2.60 மீட்டர் உயரத்தில் சாக்பீஸால் ஒரு வட்டம் போடுங்கள். சின்னப் பிள்ளைகள் முதல் மாதம் முழுக்க அந்த வட்டத்துக்கே ஷூட் செய்யட்டும். காசு செலவழிக்க முடிந்தால் முதலில் 5ஆம் எண் பந்துகளை வாங்குங்கள். ஜெர்சியெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

படி 2: மூன்றே மூன்று விதிகள்

சட்டம் நிறையப் போட்டால் ஒன்றும் நிற்காது. மூன்று போதும்: சொன்ன நேரத்துக்கு வருவது, ஷூ லேஸை இறுக்கிக் கட்டிக்கொண்டு கோர்ட்டுக்குள் நுழைவது, விசில் கேட்டதும் பந்தை இடுப்போடு அணைத்துக்கொண்டு நிற்பது.

லேஸ் சின்ன விஷயம் என்று தோன்றலாம். அமெரிக்காவில் யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழக அணியை 1964 முதல் 1975 வரை 10 தேசியப் பட்டங்களுக்கு அழைத்துச் சென்ற ஜான் வுடன், ஒவ்வொரு சீசனின் முதல் நாளும் சாக்ஸில் சுருக்கம் இல்லாமல் போடுவது எப்படி, லேஸ் கட்டுவது எப்படி என்றுதான் தொடங்குவார். காரணம் எளிமையானது: சாக்ஸ் சுருங்கினால் காலில் கொப்புளம் வரும், கொப்புளம் வந்தால் பயிற்சி போய்விடும். கல்லூரி வீரர்களுக்கே இது தேவைப்பட்டது என்றால் நம் பிள்ளைகளுக்குக் கேட்கவே வேண்டாம். சிமெண்ட் கோர்ட்டில் வெறுங்காலோடும் செருப்போடும் ஆடவிடாதீர்கள்.

விசில் விதியை முதல் நாளே விளையாட்டாகப் பழக்குங்கள். எல்லோரும் டிரிபிள் செய்துகொண்டிருக்கும்போது, அதாவது பந்தைத் தரையில் தட்டிக்கொண்டிருக்கும்போது, திடீரென்று ஊதுங்கள். எல்லாப் பந்தின் சத்தமும் நின்ற பிறகுதான் பேச வேண்டும். ஒரு பந்து துள்ளிக்கொண்டிருந்தாலும் காத்திருங்கள், கத்த வேண்டாம். மற்ற பிள்ளைகளே அந்தப் பிள்ளையைத் திரும்பிப் பார்ப்பார்கள்.

விதியை மீறினால் என்ன செய்வது? "பத்து ரவுண்டு ஓடு" என்பது நம் ஊர் வழக்கம். தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள். ஓட்டம் இந்த விளையாட்டின் உயிர், அதையே தண்டனையாக்கினால் பிள்ளை ஓடுவதையே வெறுக்கும். மீறியவரை இரண்டு நிமிடம் உங்கள் பக்கத்தில் நிற்கவைத்து, "யார் நல்லா டிஃபென்ஸ் பண்றாங்கன்னு பார்த்துச் சொல்லு" என்று கேளுங்கள். பதில் சொன்னதும் உள்ளே அனுப்பிவிடுங்கள். தாமதமாக வருபவர்கள் விஷயத்தில் இன்னொன்று: ஒன்பது வயதுப் பிள்ளை தானாக வண்டி ஓட்டி வருவதில்லை. அங்கே பேச வேண்டியது பெற்றோரிடம்.

படி 3: முதலில் கால்

பிள்ளைகள் வந்ததும் கேட்பது ஷூட்டிங். நீங்கள் தொடங்க வேண்டியது நிற்பதில். முதல் இரண்டு வாரம் பாதி நேரத்தை இதற்கே கொடுக்கலாம், அவ்வளவு இருக்கிறது இதில்.

நிற்கும் நிலை: கால்கள் தோள் அகலத்துக்கு, முழங்கால் மடங்கி, முதுகு நிமிர்ந்து, எடை பாதத்தின் முன்பகுதியில். லேசாகத் தோளைத் தள்ளிப் பாருங்கள். தடுமாறினால் நிலை சரியில்லை.

அடுத்து ஜம்ப் ஸ்டாப். பேஸ் லைனில் (ரிங்குக்குப் பின்னால் இருக்கும் எல்லைக்கோட்டில்) வரிசையாக நிறுத்தி ஓடவிடுங்கள். ஃப்ரீ த்ரோ லைன், சென்டர் லைன், எதிர்ப்பக்கத்து ஃப்ரீ த்ரோ லைன் என்று ஒவ்வொரு கோட்டிலும் இரண்டு காலும் ஒரே நேரத்தில் தரையைத் தொடும்படி நிற்க வேண்டும். காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். "டப்" என்று ஒரு சத்தம் கேட்டால் சரி, "டட்-டப்" என்று இரண்டு கேட்டால் கால்கள் தனித்தனியாக இறங்குகின்றன. கோட்டைத் தாண்டி இரண்டு அடி வழுக்கிப் போகிறவர்கள் முழங்காலை மடக்காமல் நிற்கிறார்கள். "உட்கார்ற மாதிரி நில்லு" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், சரியாகிவிடும்.

பிறகு பிவட். பந்தோடு நின்றுவிட்டால் ஒரு காலை ஆணி அடித்தது போல ஊன்றிக்கொண்டு மற்றக் காலை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் எத்தனை முறை வேண்டுமானாலும் எடுத்து வைக்கலாம். ஜம்ப் ஸ்டாப்பில் நின்றவருக்கு எந்தக் காலையும் பிவட்டாக வைத்துக்கொள்ளலாம் என்ற வசதி உண்டு. ஒவ்வொரு காலாக நின்றவருக்கு முதலில் தரையைத் தொட்ட கால்தான் பிவட். டிரிபிள் தொடங்கும்போது பந்து கையை விட்ட பிறகுதான் பிவட் கால் எழ வேண்டும். பாஸுக்கோ ஷாட்டுக்கோ அதைத் தூக்கலாம், ஆனால் மறுபடி தரையைத் தொடுவதற்குள் பந்து கையை விட்டிருக்க வேண்டும். சின்னப் பிள்ளைகளின் மேட்சில் ஊதப்படும் டிராவலிங்கில் (பந்தோடு விதியை மீறிக் காலை நகர்த்தும் தவறு) பெரும்பகுதி இந்த இரண்டு இடத்தில்தான்.

இந்தக் கட்டத்தில் பிள்ளைகளுக்குச் சலிப்பு வரும். அதனால் தொட்டுப் பிடிக்கும் விளையாட்டைக் கலந்துவிடுங்கள்: விசில் ஊதியதும் ஜம்ப் ஸ்டாப், தடுமாறியவர் அடுத்த "பிடிப்பவர்". சிரித்துக்கொண்டே கால் பழகிவிடும்.

படி 4: டிரிபிள்

விரல் நுனிகளால் தள்ள வேண்டும், உள்ளங்கையால் அடிக்கக் கூடாது. பந்து இடுப்புக்கு மேலே எழும்பக் கூடாது, கண் பந்தில் இருக்கக் கூடாது. கண்ணைத் தூக்கவைக்க, நீங்கள் எதிரே நின்று விரல்களைக் காட்டுங்கள், எத்தனை என்று அவர்கள் உரக்கச் சொல்லட்டும். வலது கைக்கு எவ்வளவு நேரமோ அதே நேரம் இடது கைக்கும். பந்து குறைவாக இருந்தால் இரண்டிரண்டு பேராகப் பிரியுங்கள், ஒருவர் டிரிபிள், எதிரே மற்றவர் டிஃபென்ஸ் ஸ்லைடு (தடுக்கும் நிலையில் பக்கவாட்டில் நகர்வது). ஒரு பந்துக்குப் பத்துப் பேர் வரிசையில் நிற்பது பயிற்சி அல்ல. சேட்டையும் சண்டையும் பெரும்பாலும் அந்த வரிசையில்தான் பிறக்கின்றன.

படி 5: பாஸ்

குணத்தைக் கற்றுக்கொடுக்க இதைவிட நல்ல இடம் கிடையாது.

செஸ்ட் பாஸ்: பந்தை மார்புக்கு நேரே பிடித்து, ஒரு அடி முன்னே வைத்து, கையை முழுக்க நீட்டித் தள்ள வேண்டும். முடியும்போது கட்டைவிரல்கள் தரையைப் பார்க்கும். பவுன்ஸ் பாஸில் பந்து மூன்றில் இரண்டு பங்கு தூரத்தில் தரையில் பட்டு எழ வேண்டும், அப்போதுதான் வாங்குபவரின் இடுப்புக்கு வரும். வாங்குபவர் இரண்டு கையையும் நீட்டி "இங்கே" என்று காட்டிக்கொண்டு, பந்தை நோக்கி ஒரு அடி வந்து வாங்க வேண்டும்.

இப்போது ஒரு பாஸ் தவறும்போது கொடுத்தவர் முகத்தைப் பாருங்கள். இரண்டு கையையும் விரித்து, "பிடிக்கத் தெரியாதா?" என்பது போல நிற்பார். அங்கேயே விசில் ஊதுங்கள். நம் அணியில் வழக்கம் இது என்று சொல்லிவிடுங்கள்: பாஸ் தவறினால் முதல் பொறுப்பு கொடுத்தவருக்கு. கூட்டாளி பார்த்தாரா, கை தயாராக இருந்ததா என்று கவனித்துக் கொடுக்க வேண்டியது அவர் வேலை. கொடுத்தவர் "என் தப்பு" என்பார், வாங்கியவர் ஓடிப்போய்ப் பந்தை எடுப்பார். இரண்டு வாரத்தில் இது பழக்கமாகிவிடும், முறைப்பது குறைந்துவிடும்.

கூடை விழுந்ததும் போட்டவர் பாஸ் கொடுத்தவரைக் கைகாட்ட வேண்டும் என்ற வழக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நார்த் கரோலைனா பல்கலைக்கழகப் பயிற்சியாளர் டீன் ஸ்மித் தன் அணியில் வலியுறுத்திப் பரவிய பழக்கம் இது. கூடை போடாத பிள்ளைக்கும் தன் பெயர் கோர்ட்டில் ஒலிக்கிறது என்ற நினைப்பு வரும்.

ஒவ்வொரு நாளும் கடைசிப் பத்து நிமிடம் டிரிபிள் இல்லாத மேட்ச் வையுங்கள், மூன்றுக்கு மூன்று. பந்தைத் தரையில் தட்டவே கூடாது. முதல் நாள் எல்லோரும் நின்ற இடத்தில் நின்று "இங்கே, இங்கே" என்று கத்துவார்கள். நன்றாக ஆடும் பையன்தான் அதிகம் கடுப்பாவான், ஏனென்றால் தனியாக ஓட்டிக்கொண்டு போய்ப் போடும் வழி அடைபட்டுவிட்டது. பொறுத்திருங்கள். மூன்றாவது, நான்காவது நாளில் யாரோ ஒருவர் பாஸ் கொடுத்துவிட்டு ரிங்கை நோக்கி ஓடுவார், பந்து திரும்ப வரும், லே-அப் (ரிங்குக்குப் பக்கத்தில் ஓடிவந்து எம்பிப் போடுவது) விழும். அந்த நொடியில் ஆட்டத்தை நிறுத்தி, பாராட்டை ஓட்டத்துக்கும் பாஸுக்கும் கொடுங்கள். நீங்கள் எதைப் பாராட்டுகிறீர்களோ அதையே பிள்ளைகள் திரும்பச் செய்வார்கள்.

பெண் பிள்ளைகளையும் இந்த மேட்சில் சேர்த்தே ஆடவிடுங்கள். பன்னிரண்டு வயது வரை பிரிக்க அவசியமே இல்லை. இந்திய மகளிர் அணியின் கேப்டனாக இருந்து, 2021இல் பத்மஸ்ரீ பெற்ற பி. அனிதா நம் தமிழ்நாட்டுக்காரர்தான். அவர் ஆட்டத்தின் வீடியோ கிடைத்தால் எல்லோரையும் உட்காரவைத்துக் காட்டுங்கள்.

படி 6: லே-அப், பிறகு ஷூட்டிங்

லே-அப்பைப் பின்னாலிருந்து முன்னால் சொல்லிக்கொடுங்கள். முதலில் ரிங்குக்குப் பக்கத்தில் நின்று, இடது காலில் எம்பி, வலது முழங்காலைத் தூக்கி, போர்டில் உள்ள சதுரத்தின் பக்கத்து மேல்மூலையில் பந்தைத் தொடவைப்பது. அடுத்த நாள் வலது-இடது என்று இரண்டு அடி. அதற்குப் பிறகு ஒரு டிரிபிள். ஓடிவந்து போடுவது எல்லாவற்றுக்கும் கடைசி. இடது பக்கத்தில் கையும் காலும் மாறும்.

ஷூட்டிங்குக்கு ரிங்கிலிருந்து ஒரு மீட்டர் தூரம் போதும். பந்து ஒரு கையில், முழங்கை அதன் அடியில், மற்றக் கை பக்கவாட்டில் சும்மா தொட்டுக்கொண்டு. முழங்கால் மடங்கி எழும்போது பந்தும் எழ வேண்டும். விட்ட பிறகு மணிக்கட்டு மடங்கி அப்படியே நிற்க வேண்டும், பந்து ரிங்கைத் தொடும் வரை கையை இறக்கக் கூடாது. ஐந்தில் மூன்று விழுந்தால் அரை அடி பின்னால் போகலாம். அமெரிக்க என்.பி.ஏ. வீரர் ஸ்டீஃபன் கரியைப் பார்த்துவிட்டு மூன்று புள்ளிக் கோட்டிலிருந்து எறிய எல்லோருக்கும் ஆசைதான். அவரே மேட்சுக்கு முன் ரிங்குக்குப் பக்கத்திலிருந்து தொடங்கித்தான் பின்னால் போகிறார் என்று காட்டுங்கள்.

படி 7: திருத்துவது எப்படி

வுடனிடம் எடுத்துக்கொள்ள வேண்டிய இன்னொன்று இது. சரியானதைச் செய்து காட்டுவார், வீரர் தவறாகச் செய்த மாதிரி ஒரு முறை செய்து காட்டுவார், மறுபடி சரியானதைக் காட்டுவார். எல்லாம் சில நொடிகள். "எத்தனை தடவை சொல்றது" என்பதில் பிள்ளைக்கு எந்தத் தகவலும் இல்லை. "முழங்கை வெளியே போகுது, உள்ளே கொண்டுவா" என்பதில் இருக்கிறது. ஒரு நேரத்தில் ஒரு தவறு மட்டும். எல்லார் முன்னாலும் பாராட்டுங்கள், கடுமையாகச் சொல்ல வேண்டியதைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள்.

படி 8: முதல் மேட்ச்

எல்லோரும் ஆட வேண்டும். தோற்றாலும் சரி, இந்த வயதில் பெஞ்சில் உட்காரவைத்துக் கூட்டிவந்த பிள்ளை அடுத்த மாதம் வராது. டிஃபென்ஸில் ஆளுக்கு ஆள் பிடிக்கவையுங்கள். ஜோன் (ஆளை விட்டு இடத்தைக் காப்பது) போட்டால் மேட்சை வேண்டுமானால் ஜெயிக்கலாம், ஆனால் கால்களை நகர்த்தி ஆளை மறிக்கவே பிள்ளை கற்காது.

பெற்றோரிடம் முன்னாலேயே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்: கைதட்டலாம், பெயர் சொல்லிக் கத்தலாம், "ஷூட் பண்ணு", "அவன்கிட்ட கொடுக்காதே" என்று ஆட்டம் சொல்லித்தரக் கூடாது. ரெஃபரியிடம் நீங்களே கத்தினால் பிள்ளைகளும் கத்துவார்கள், அதனால் சந்தேகம் இருந்தால் ஆட்டம் நிற்கும்போது போய் மரியாதையாகக் கேளுங்கள். விசில் ஊதியதும் பந்தைத் தரையில் அடிக்காமல் ரெஃபரி கையில் கொடுப்பதைப் பயிற்சியிலேயே பழக்கியிருக்க வேண்டும். முடிந்ததும் எதிரணியோடும் ரெஃபரியோடும் கைகுலுக்கிவிட்டு, பெஞ்சைச் சுற்றிக் கிடக்கும் பாட்டில்களைப் பொறுக்கிக்கொண்டு கிளம்பட்டும்.

மேட்சின்போது ஸ்கோரைத் தவிர, டிராவலிங் எத்தனை, தவறிய பாஸ் எத்தனை, போடாமல் விட்ட லே-அப் எத்தனை என்று ஒரு நோட்டில் கோடு போட்டு வையுங்கள். எதில் கோடு அதிகமோ, அடுத்த பயிற்சியின் முதல் பதினைந்து நிமிடம் அதற்கு.