சப்பாத்திக்கள்ளிப் பழம்: முள்ளை மட்டும் பார்த்தால் போதாது

சில வருடங்களாகச் சப்பாத்திக்கள்ளிப் பழத்துக்குத் திடீர் மவுசு. ரத்தம் ஊறும், சர்க்கரை இறங்கும், கட்டி கரையும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றாத செய்தி இல்லை. ஆடு மேய்க்கப் போன பிள்ளைகள் கரட்டில் பறித்துத் தின்ற பழம் இன்று சாறாகவும் பொடியாகவும் விற்கிறது. எனக்கு இந்தப் பழம் ரொம்பப் பிடிக்கும். அதனாலேயே இதைத் தேடிப் போகிறவர்கள் செய்யும் தவறுகளைப் பார்த்தால் மனசு பதறுகிறது.

குழப்பம் பெயரிலேயே தொடங்குகிறது. கள்ளி என்று நாம் சொல்வதெல்லாம் ஒரே குடும்பம் இல்லை. சதுரக்கள்ளி, இலைக்கள்ளி, திருகுகள்ளி எல்லாம் ஆமணக்குக் குடும்பத்தைச் சேர்ந்தவை. கீறினால் வெள்ளையாகப் பால் வடியும். அந்தப் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து, வயிற்றுக்குள் போனால் நஞ்சு. கள்ளிப்பால் என்ற சொல்லைக் கேட்டாலே தமிழ்நாட்டில் நெஞ்சு நடுங்குவதற்குக் காரணம் உண்டு. சப்பாத்திக்கள்ளி வேறு குடும்பம். அதன் மடலை வெட்டினால் பால் வராது, வெண்டைக்காய் மாதிரி வழவழப்புதான் வரும். பால் வந்தால் தொடாதீர்கள். தவறிக் கண்ணில் தெறித்துவிட்டால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டு கண் மருத்துவரிடம் போய்விடுங்கள்.

இதே பெயர்க் குழப்பம்தான் அடுத்த தவறுக்கும் வேர். 'சங்க காலத்திலிருந்தே நம் முன்னோர் பயன்படுத்திய சப்பாத்திக்கள்ளி' என்று எழுதுகிறார்கள். பாலைப் பாடல்களில் வரும் கள்ளி இதுவாக இருக்க முடியாது. சப்பாத்திக்கள்ளியின் தாய்மண் அமெரிக்கக் கண்டம். 1492இல் கொலம்பஸ் அங்கே போய்ச் சேர்ந்த பிறகுதான் மற்ற கண்டங்கள் இதைப் பார்த்தன. மெக்சிகோவை முன்பு ஆண்ட ஆஸ்டெக் மக்களின் தலைநகரமே, இந்தக் கள்ளியின் மேல் கழுகு அமர்ந்திருந்த இடத்தில் எழுந்தது என்பது அவர்கள் நம்பிக்கை. மெக்சிகோவின் கொடியில் இன்றும் அந்தக் கழுகும் கள்ளியும் இருக்கின்றன.

நம் பக்கம் இது பரவிய கதையில் சிவப்புச் சாயத்துக்கும் பங்கு உண்டு. இந்தக் கள்ளியில் வாழும் காக்சினீல் பூச்சியை நசுக்கினால் அருமையான சிவப்பு கிடைக்கும். அந்த வியாபாரம் ஸ்பானியர் கையில் இருந்தது. அதை உடைக்க நினைத்து, 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் சென்னையில் மருத்துவராக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன் சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டமே போட்டார். 1795இல் கேப்டன் நீல்சன் என்பவர் பிரேசிலிலிருந்து வங்காளத்துக்குப் பூச்சியைக் கொண்டுவந்தார். வந்தது நல்ல சாயம் தரும் இனம் இல்லை. சாயத் தொழில் படுத்துவிட்டது, ஆனால் அந்தப் பூச்சி ஒரு வகைக் கள்ளியைத் தின்று தீர்த்தது. அதைக் கண்டுதான் 1860களில் இலங்கைக்கும் கொண்டுபோய்க் கள்ளியை அழிக்க விட்டார்கள். அது தொடாத இன்னொரு வகைக்காக 1926இல் வேறொரு காக்சினீல் பூச்சி இலங்கை வழியாகத் தென்னிந்தியாவுக்கு வந்தது. கள்ளி மடலில் இன்று வெள்ளைப் பஞ்சு போல ஒட்டியிருப்பதைப் பார்த்தால், ஒரு குச்சியால் நசுக்கிப் பாருங்கள், சிவப்பாக வழியும்.

ஆக, பழைய மருத்துவ நூலில் 'கள்ளி' என்று வரும் குறிப்பை இந்தப் பழத்துக்கு எடுத்துப் போடுவது பெரிய பிழை.

சர்க்கரை நோய்க்கு நல்லது என்ற பேச்சுக்கு ஓரளவு ஆதாரம் உண்டு. 1980களில் மெக்சிகோவில் சில நோயாளிகளுக்கு நெருப்பில் வாட்டிய மடலை அரைக் கிலோ அளவுக்குக் கொடுத்துப் பார்த்தபோது, அடுத்த சில மணி நேரத்தில் ரத்தச் சர்க்கரை குறைந்தது. கொடுத்தது மடல், பழம் இல்லை. அதுவும் நம் கரட்டில் முளைப்பது அல்லாத வேறு இனம். சிறிய ஆய்வு, சில மணி நேரக் கணக்கு. இதை நம்பி மாத்திரையை நிறுத்துகிறவர்களை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது. மாத்திரையோடு சேர்த்துச் சாற்றைத் தினமும் குடித்தால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கவும் கூடும். மருத்துவரிடம் சொல்லிவிட்டுச் சாப்பிடுங்கள்.

பழம் ரத்தச் சிவப்பாக இருப்பதால் ரத்தம் ஊறும் என்பதும் சரியில்லை. அந்த நிறம் பீட்ரூட்டில் இருக்கும் அதே நிறமி, இரும்புச்சத்து இல்லை. நிறையச் சாப்பிட்டால் சிறுநீர் சிவக்கலாம், அதற்குப் பதற வேண்டாம். வைட்டமின் சி, மக்னீசியம், நார்ச்சத்து உண்டு. ஒரு நல்ல பழத்துக்கு அது போதாதா?

சரி, முள்ளுக்கு வருவோம். பெரிய முள் கண்ணுக்குத் தெரியும், அதற்கு யாரும் பயப்பட வேண்டியதில்லை. பழத்தின் மேல் புள்ளி புள்ளியாக இருக்கும் மயிர் போன்ற சுணைதான் எதிரி. அதன் நுனி தூண்டில் மாதிரி கொக்கி வைத்தது. சின்ன வயதில் சட்டையில் துடைத்துவிட்டுத் தின்று, இரண்டு நாள் நாக்கில் முள்ளோடு அழுதிருக்கிறேன். வெறுங்கையால் பறிக்காதீர்கள், இடுக்கியால் பிடித்துத் திருகுங்கள். நெருப்பில் சுணை பொசுங்கும் வரை வாட்டி, தலைப்பக்கக் குழியை ஆழமாக வெட்டி எறிந்து, தோலை உரித்த பிறகுதான் வாயில் வைக்க வேண்டும். நட்சத்திர முள் தொண்டையில் சிக்கும் என்று பெரியவர்கள் எச்சரிப்பதும் அந்தக் குழிப் பக்கத்தைத்தான். கையில் ஏறிவிட்டால் தேய்க்காதீர்கள். ட்வீசரால் முடிந்தவரை பிடுங்கிவிட்டு, காகிதம் ஒட்டும் வெள்ளைப் பசையைத் தடவி, மெல்லிய துணி ஒட்டி, காய்ந்ததும் உரித்தால் மிச்சமும் வரும்.

விதையை அதிகம் விழுங்குவதும் ஆபத்து. கெட்டியான அந்த விதைகள் குடலின் கடைசியில் சேர்ந்து கல்லாக அடைத்து, மருத்துவர் எடுக்கவேண்டிய நிலை குழந்தைகளுக்கு வந்திருக்கிறது. சாற்றை வடிகட்டிக் கொடுங்கள்.

அப்புறம் ஒன்று. வேலிக்காக மடலை ஒடித்து நடுவதையும், வெட்டிய மடலைக் குளத்தங்கரையில் எறிவதையும் தயவுசெய்து விடுங்கள். ஒரு மடல் மண்ணில் பட்டாலே வேர் விடும். ஆஸ்திரேலியாவில் நம் ஊர்க் கள்ளிக்கு நெருங்கிய இனம் 1920களில் 2.4 கோடி ஹெக்டேர் வரை பரவியது, தமிழ்நாட்டைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அர்ஜென்டினாவிலிருந்து ஓர் அந்துப்பூச்சியைக் கொண்டுவந்து 1926இல் விட்ட பிறகுதான் அங்கே உழவர்கள் நிலத்தை மீட்டார்கள். வெட்டியதை நன்றாகக் காயவைத்து எரியுங்கள், இல்லையென்றால் ஆழமாகப் புதையுங்கள்.