ஒதுக்குப்புற ஊரில் ஆடத்தகுந்த கோல்ஃப் மைதானத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

சென்னையில் நந்தனத்திலும் கிண்டியிலும் கோல்ஃப் ஆடிப் பழகிய கை, குடும்பத்தோடு மலைப்பக்கம் நாலு நாள் போனாலும் சும்மா இருக்காது. மேப்பைத் திறந்து ‘கோல்ஃப்’ என்று தட்டினால் ஏதேதோ வரும். ரிசார்ட் வாசலில் இருக்கும் புல்வெளி, குழந்தைகளுக்கான மினி கோல்ஃப், ‘கோல்ஃப் வியூ’ என்று பெயர் வைத்த அடுக்குமாடி எல்லாம் அந்தப் பட்டியலில் இருக்கும். நிஜ மைதானம் அதில் கடைசியில் வரலாம், வராமலே போகலாம். அதனால் தேடலை மேப்பில் ஆரம்பிக்க வேண்டாம். அந்த வட்டாரத்தை யார் உண்டாக்கினார்கள் என்ற கேள்வியில் ஆரம்பியுங்கள்.

நம் பக்கத்துக் கிராமப்புறத்தில் ஒரு பழைய கோல்ஃப் மைதானம் இருந்தால், அதற்குப் பின்னால் பெரும்பாலும் நாலு பேரில் ஒருவர் இருப்பார்: கோடைக்கு மலையேறிய வெள்ளைக்கார அதிகாரி, தேயிலை காப்பித் தோட்டத் துரை, ராணுவம், சுரங்கக் கம்பெனி. ஊட்டி ஜிம்கானாவும் 1895-இல் தொடங்கிய கொடைக்கானல் கோல்ஃப் கிளப்பும் முதல் வகை. மூணாறு ஹை ரேஞ்ச் கிளப் தோட்டக்காரர்களுடையது. குன்னூர் அருகே வெலிங்டன் ஜிம்கானா ராணுவ முகாமை ஒட்டி வளர்ந்தது. கோலார் தங்கவயலின் மைதானம் சுரங்கக் கம்பெனியின் கொடை. சுரங்கத்தை 2001-இல் மூடிவிட்டார்கள். ஆகவே போகிற ஊரில் கன்டோன்மென்ட் இருக்கிறதா, பிளான்டர்ஸ் கிளப் இருக்கிறதா, பழைய கம்பெனிக் குடியிருப்பு இருக்கிறதா என்று பாருங்கள். அந்த கிளப்பின் பெயரில் ‘கோல்ஃப்’ என்ற சொல்லே இல்லாமல் இருக்கலாம்.

இடம் தெரிந்த பிறகு சாட்டிலைட் படம் பெரிய உதவி. ஒரு ஹோல் என்பது பந்தை முதலில் அடிக்கும் இடத்திலிருந்து குழிவரை உள்ள பாதை. 9 ஹோல் மைதானத்துக்கு 50, 60 ஏக்கராவது வேண்டும். அதற்கு ரொம்பக் குறைவாக இருந்தால் பிட்ச் அண்ட் பட் என்ற குட்டி மைதானம் மாதிரிதான் இருக்கும். தூரம் அளக்கும் வசதியை எடுத்து டீயிலிருந்து (முதல் அடி அடிக்கும் இடம்) கிரீன் (குழியைச் சுற்றிய பகுதி) வரை ஒவ்வொரு ஹோலாக அளந்து கூட்டுங்கள். 9 ஹோலும் சேர்ந்து 2,500 கஜத்தைத் தாண்டினால் டிரைவருக்கு (தூரமாக அடிக்கும் நீண்ட மட்டை) வேலை உண்டு. 1,500-க்குள் என்றால் அதைவிடக் குட்டையான அயர்ன்களும், பந்தை உயரத் தூக்கிப் போடும் வெட்ஜும் போதும். புல் கிரீன் என்றால் சுற்றியுள்ள புல்லைவிட வழுவழுப்பாக, ஒரு சாயல் வெளிறி, ஒழுங்கில்லாத நீள்வட்டமாகத் தெரியும். காம்பஸ் வைத்து வரைந்ததுபோலக் கச்சிதமான, மண் நிற வட்டமாகத் தெரிந்தால் அது பிரவுன். அதைப் பற்றிக் கொஞ்சம் பிறகு.

கூகுள் எர்த்தில் பழைய தேதிப் படங்களையும் பார்க்கலாம். ஏப்ரல், மே மாதத்துப் படம் ஒன்றைத் தேடிப் பிடியுங்கள். ஃபேர்வே (டீக்கும் கிரீனுக்கும் இடையிலான புல்பாதை) காய்ந்து கிடக்க, கிரீன் மட்டும் பச்சையாக இருந்தால் அங்கே தண்ணீர் ஊற்ற ஆள் இருக்கிறது. எல்லாமே ஒரே காவி நிறமாக இருந்தால் வெயில் காலத்தில் போகாதீர்கள். ஃபேர்வேயைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஒற்றையடிப் பாதைகள் போனால் ஊர் ஜனமும் மாடும் அந்த வழியாகத்தான் நடக்கிறார்கள். அது மைதானத்துக்குக் குறையில்லை. ஆள் வருகிறாரா என்று பார்த்து அடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்தது போன். செகரட்டரி அலுவலகத்தில் கேட்டால் “கோர்ஸ் நல்லா இருக்கு சார், வாங்க” என்றுதான் சொல்வார்கள். அவர்களிடம் விதிமுறையை மட்டும் கேளுங்கள்: வெளியாள் ஆடலாமா, கிரீன் ஃபீ (ஆடுவதற்கான கட்டணம்) எவ்வளவு, உறுப்பினர் யாராவது கூட வர வேண்டுமா, எந்த நாள் பராமரிப்புக்கு மூடுவார்கள் (பல கிளப்களில் திங்கட்கிழமை), அந்த வாரம் டோர்னமென்ட் இருக்கிறதா. மைதானத்தின் நிலையைக் கேட்க வேண்டியது கேடி மாஸ்டரிடம் (பை சுமக்கும் கேடிகளின் தலைவர்). அதுவும் பொதுவாகக் கேட்கக் கூடாது. “அண்ணே, கிரீன் வெட்டி எத்தனை நாள் ஆச்சு? துளை போட்டு மணல் தூவியிருக்காங்களா? டெம்பரரி கிரீன் எத்தனை?” என்று கேட்டால் நேரான பதில் வரும். (டெம்பரரி கிரீன் என்றால் நிஜக் கிரீன் பராமரிப்பில் இருக்கும்போது தற்காலிகமாக வைக்கும் கிரீன்.) வேருக்குக் காற்றுப் போகத் துளை போட்ட கிரீன் பழைய நிலைக்கு வர இரண்டு மூன்று வாரமாகும். அதுவரை பட் போடுவது (பந்தைக் குழிக்குள் உருட்டுவது) லாட்டரி. “இந்த வாரம் எத்தனை பேர் ஆடினாங்க?” என்ற கேள்வியையும் விடாதீர்கள். யாருமே ஆடவில்லை என்றால் யாரும் வெட்டியிருக்கவும் மாட்டார்கள்.

சென்னை கிளப் ஒன்றில் நீங்கள் உறுப்பினர் என்றால் முதலில், பரஸ்பரம் உறுப்பினரை அனுமதிக்கும் கிளப்களைச் சொல்லும் அதன் அஃபிலியேஷன் பட்டியலைப் பாருங்கள். பட்டியலில் அந்த ஊர் கிளப் இருந்தால் உங்கள் செகரட்டரியிடம் அறிமுகக் கடிதம் வாங்கிக்கொண்டு போங்கள். உறுப்பினர் அட்டை மட்டும் போதும் என்று நினைத்துப் போய் வாசலில் நிற்பவர்கள் நிறைய. ராணுவ மைதானத்துக்குப் பணியில் இருப்பவர் அல்லது ஓய்வு பெற்றவர் ஒருவர் துணை இல்லாமல் முயற்சி செய்யாதீர்கள். காலர் வைத்த சட்டை, ஜீன்ஸ் அல்லாத பேன்ட், சாஃப்ட் ஸ்பைக் (மென்மையான பிளாஸ்டிக் முள்) ஷூ ஆகியவற்றில் மலை கிளப்கள் பட்டணத்தைவிடக் கறார்.

இப்போது பிரவுன். தண்ணீர் பஞ்சமான இடங்களில் புல் கிரீனுக்குப் பதில் எண்ணெய் கலந்த மணலைக் கெட்டித்து வட்டமாக அமைத்திருப்பார்கள். எண்ணெய் மணலைக் காற்றில் பறக்காமல் பிடித்து வைக்கும். இதைப் பார்த்தவுடன் முகம் சுளித்துத் திரும்புகிறவர்கள் ஒரு நல்ல ஆட்டத்தை இழக்கிறார்கள். நன்றாகப் பராமரித்த பிரவுன், மோசமாக வெட்டிய புல் கிரீனைவிட நேர்மையானது. முறை இதுதான்: எல்லாப் பந்தும் மேலே வந்த பிறகு, இழுவைக் கட்டையாலோ சாக்காலோ கேடி ஒரு பாதையைச் சமப்படுத்துவார். பல இடங்களில் உங்கள் பந்தை, குழியிலிருந்து அதே தூரத்தில், அந்தப் பாதைக்கு நகர்த்தி வைத்து பட் போடுவது வழக்கம். இது அந்தந்த மைதானத்தின் லோக்கல் ரூல். முதல் டீயிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். மணல் பந்தைப் பிடித்து இழுக்கும். நந்தனத்தில் தட்டுகிற பலத்தில் தட்டினால் பாதி வழியில் நின்றுவிடும். வளைவு குறைவு, அதனால் குழியின் பின்சுவரைக் குறிவைத்து நேராக, தைரியமாகத் தட்டுங்கள். பிரவுனை நோக்கி அடிக்கும் அடியை வட்டத்துக்குள் இறக்கப் பார்க்காமல் நாலைந்து கஜம் முன்னால் தரையில் விழவைத்து உருட்டிவிடுவது நல்லது. மணலில் நேராக விழுந்த பந்து புதையும், அல்லது கெட்டித் தரையில் பட்டதுபோல எகிறி ஓடும். எது நடக்கும் என்பது எண்ணெய் ஊற்றி எத்தனை நாளாயிற்று என்பதைப் பொறுத்தது.

மலை மைதானங்களின் பாடு வேறு. உயரம் ஏறஏறக் காற்று மெலிவதால் பந்து தூரம் போகும். 1,000 அடிக்கு ஒரு சதவீதத்துக்குச் சற்று மேல் என்று வைத்துக்கொண்டால், 7,000 அடியில் இருக்கும் கொடைக்கானலில் சுமார் 8 சதவீதம். சென்னையில் 140 கஜம் போகும் 7 அயர்ன் அங்கே 150 போகும். ஆனால் காலைக் குளிரில் பந்தும் விறைக்கும், உடம்பும் விறைக்கும். முதல் மூன்று ஹோலுக்கு அந்தக் கணக்கை நம்பாதீர்கள். மலையில் பரவிக் கிடக்கும் கிக்கூயூ புல்லில் பந்து உள்ளே இறங்கிவிடும். தூர அடிக்கான ஹைப்ரிட் மட்டையை எடுத்துப் போராடுவதைவிட வெட்ஜால் வெளியே போட்டுவிடுவது லாபம்.

நேரத்தைக் காலையிலேயே வையுங்கள். மதியத்துக்கு மேல் மூடுபனி இறங்கினால் 100 கஜத்துக்கு அப்பால் கொடி தெரியாது. டிசம்பர், ஜனவரியில் ஊட்டிப் பக்கம் உறைபனி விழும். உறைந்த புல்லை மிதித்தால் கருகிப் போகும், ஆகவே பனி உருகும்வரை ஆட விடமாட்டார்கள். ஆறரை மணி டீ டைம் வாங்கி வெயிலுக்காகக் காத்திருப்பதில் பயனில்லை. மூணாறு, வால்பாறைப் பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மழைதான் ஆடும். அந்த நேரத்தில் போகவே வேண்டும் என்றால் அட்டைப்பூச்சிக்கு உப்பு அல்லது மூக்குப்பொடி எடுத்துப் போங்கள்.

கொடைக்கானலிலும் வெலிங்டனிலும் காட்டுமாடு ஃபேர்வேயில் படுத்திருப்பது சகஜம். பந்து அதன் பக்கத்தில் போனால் எடுக்கப் போகாதீர்கள். ஆபத்தான விலங்கு அருகில் இருந்தால் தண்டனையில்லாமல் விலகி டிராப் செய்ய (பந்தைக் கையிலிருந்து விழவிட) விதி 16.2 இடம் தருகிறது. குரங்கோ நாயோ பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடியது உறுதியாகத் தெரிந்தால் விதி 9.6-இன்படி பழைய இடத்திலேயே வேறு பந்தை வைத்து ஆடலாம். கேடி “வேணாம் சார்” என்றால் அது முடிவு. விதிப்புத்தகத்தை அங்கே திறக்க வேண்டாம்.

சாமான் விஷயம். 14 கிளப்பையும் (மட்டைக்கும் அதே பெயர்தான்) சுமந்துகொண்டு ரயில் ஏறினால் பக்கத்து சீட்டுக்காரரிடம் பேச்சு வாங்குவீர்கள். டிரைவர் 45 அங்குலம் இருக்கும். பையோடு லோயர் பெர்த்துக்கு அடியில் நீளவாக்கில்தான் தள்ள முடியும். 5 வுட், 5, 7, 9 அயர்ன், சாண்ட் வெட்ஜ், பட்டர் (பட் போடும் மட்டை) என்று ஆறு கிளப்பைச் சின்னப் பையில் போட்டால் கிராமத்து மைதானம் எதையும் ஆடிவிடலாம். பந்து மட்டும் ஒரு டஜனுக்குக் குறையாமல் வேண்டும். அங்கே கடை கிடையாது. கேடிகள் விற்கும் பழைய பந்துதான் கிடைக்கும். ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ வண்டியில் போனால் இ-பாஸ் எடுங்கள். நீலகிரிக்கு பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலைக் கொண்டு போகாதீர்கள்.

போய்ச் சேர்ந்ததும் பணம் கட்டும் முன் பத்து நிமிஷம் நடந்து பாருங்கள். பக்கத்தில் இருக்கும் கிரீனுக்குப் போய்க் குழியின் விளிம்பைத் தடவிப் பாருங்கள். விளிம்பு கூர்மையாக இருந்தால் அண்மையில்தான் குழியை மாற்றியிருக்கிறார்கள். தேய்ந்து உருண்டிருந்தால் பல நாளாக யாரும் தொடவில்லை. பந்து விழுந்த தழும்புகள் ஆறியிருக்கின்றனவா, பங்கரில் (மைதானத்தின் மணல் பள்ளம்) மணல் இருக்கிறதா அல்லது கல்தானா என்பதும் அதே நடையில் தெரிந்துவிடும். குழி தேய்ந்து, பங்கர் கல்லாக இருந்தால் 18 ஹோலுக்குக் கட்டாமல் 9-க்கு மட்டும் கட்டுங்கள்.

ஸ்கோரை ஹேண்டிகேப்பில் (ஆட்டத் திறனைக் காட்டும் எண்) ஏற்ற விரும்பினால் அந்த மைதானத்துக்கு கோர்ஸ் ரேட்டிங்கும் ஸ்லோப்பும் (மைதானம் எவ்வளவு கடினம் என்று காட்டும் எண்கள்) இருக்கிறதா என்று ஸ்கோர் கார்டில் பாருங்கள். 2024 முதல் 9 ஹோலுக்கு 750 கஜம் இருந்தாலே ரேட்டிங் வாங்கத் தகுதி உண்டு. வாங்கியிருக்க வேண்டுமே! இல்லாவிட்டால் எத்தனை பேர்டி (ஹோலுக்கு நிர்ணயித்ததைவிட ஓர் அடி குறைவாக முடிப்பது) போட்டாலும் அது கேடிக்கும் உங்களுக்கும் மட்டும்தான் தெரியும்.